ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

தேஜஸ்ரீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“நான் வரலை” என்றாள்.

“எங்கே?” என்றார் அம்மா.

“நாளைக்கு, அவிநாசிக்கு. விருந்துக்கு.”

தேஜஸ்ரீ படிக்கும் நெதர்லாந்தில் கோடை விடுமுறை ஜூலையில் தொடங்கும். அப்போது மாமா வீடு இருக்கும் திருப்பூரில் பள்ளிக்கூடம் நடக்கும். இதை யாரும் தேஜஸ்ரீயிடம் சொல்லவில்லை. மாமா மகள் அன்புசெல்வியோடு விளையாடலாம் என்று விமானத்தில் தூங்காமல் வந்தாள். வந்து பார்த்தால், அன்புசெல்வி காலையில் பள்ளிக்குப் போனாள். மாலையில் டியூஷனுக்குப் போனாள். சனிக்கிழமையும் போனாள்.

மிச்சம் ஞாயிற்றுக்கிழமை. பனியன் கம்பெனிகளுக்கு அன்றுதான் விடுமுறை. சொந்தக்காரர்கள் அன்றுதான் வீட்டில் இருப்பார்கள். அதனால் விருந்தெல்லாம் அன்றுதான். ஒரு ஞாயிறு குண்டடம். ஒரு ஞாயிறு தாராபுரம். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி.

“அந்த ஊரு நல்லா இருக்குதா, நம்மூரு நல்லா இருக்குதா கண்ணு?”

பதில் சொல்வதற்குள் இலையில் இன்னொரு கரண்டி சோறு விழும்.

நாளைதான் கடைசி ஞாயிறு. செவ்வாய்க்கிழமை அவளுக்கும் அம்மாவுக்கும் விமானம்.

“பெரியம்மாவைப் பார்க்காம ஊருக்குப் போனா என்ன நெனப்பாங்க?” என்றார் அம்மா.

“அன்புவுக்கு சைக்கிள் கத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கறேன்.”

“அடுத்த வருசம் கத்துக் குடு.”

“அது வரைக்கும் அவ பூட்டுன கேட்டுக்கு முன்னாடியே நிக்கோணுமா?”

அம்மா தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினார்.

அன்புசெல்வியின் அம்மா விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறிவிடுவார். அப்பா மோகன்ராஜுக்கு எட்டு மணிக்கு வேலை. போகிற வழியில் மகளைப் பள்ளிக்கு முன்னால் இறக்கிவிடுவார். அப்போது கேட் பூட்டியிருக்கும். ஒரு நாள் தேஜஸ்ரீயும் வண்டியில் கூடப் போனாள். அன்புசெல்வி புத்தகப் பையோடு சாலையோரம் தனியாக நிற்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“பழகிப்போச்சு தேஜு” என்றாள் அன்புசெல்வி மாலையில்.

அதைக் கேட்டுத்தான் தேஜஸ்ரீக்குக் கோபம் அதிகமானது.

கேட் திறக்கும் நேரத்துக்கு அவளே போகலாம் என்று சைக்கிள் வாங்கியாகிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே துணி போர்த்தி நின்றது. சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. மற்ற நாட்களில் துணி உருளைகளை ஏற்றிய டெம்போக்கள் தெருவை அடைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைதான் தெரு காலியாக இருக்கும்.

“விருந்துன்னா போய்த்தான் ஆகோணும் கண்ணு” என்றார் மோகன்ராஜ் மாமா. “புடிச்சிருக்குதா, இல்லையான்னு யாரும் கேக்கறதில்லை.”

தேஜஸ்ரீ எழுந்தாள். அம்மாவின் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். அன்புசெல்வி பின்னாலேயே ஓடினாள்.

“வேண்டாம் தேஜு. திட்டுவாங்க.”

“திட்டட்டும்.”

அவிநாசியில் மயிலாத்தாள் பெரியம்மா போனை எடுத்தார்.

“யாரு, தேஜுவா? இப்பத்தான் கம்பெனியில இருந்து வந்தேன் சாமி. நாளைக்கு நேரமா வந்துருங்க. கோழி சொல்லி வெச்சிருக்கறேன்.”

பெரியம்மாவுக்குச் செக்கிங் வேலை. பனியனில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும். அவருடைய குரலும் இப்போது நின்று களைத்ததுபோல் இருந்தது.

தேஜஸ்ரீ சண்டை போடத்தான் அழைத்திருந்தாள். அந்தக் குரலோடு சண்டை போட முடியவில்லை.

“பெரியம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளு கண்ணு.”

“நாங்க வரலைன்னா நாளைக்கு என்ன பண்ணுவீங்க?”

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது.

“தூங்குவேன்” என்றார் பெரியம்மா. உடனே பதறினார். “ஐயோ, அப்படியில்லை கண்ணு! நீங்க வரோணும்.”

“எதுக்குங்க? வாரம் பூரா நிக்கறீங்க. நாளைக்கு எங்களுக்காக அடுப்புக்கிட்ட நிக்கோணுமா?”

“வருசத்துக்கு ஒருக்கா வர்ற தங்கச்சிக்கு ஒரு வாய் சோறு போடலைன்னா, உங்கம்மா என்ன நெனப்பா?”

“நீங்க என்ன நெனப்பீங்கன்னு அம்மா நெனைக்கறாங்க. அம்மா என்ன நெனப்பாங்கன்னு நீங்க நெனைக்கறீங்க. நெனைச்சு நெனைச்சே எல்லா ஞாயித்துக்கெழமையும் போச்சுங்க!”

பெரியம்மா சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார்.

“நாளைக்கு நல்லாத் தூங்குங்க. சாயங்காலம் வந்து டீ குடிக்கறோம்.”

“கோழி சொல்லி வெச்சுட்டனே.”

“கோழியும் தூங்கட்டுங்க.”

பிறகு அம்மா அங்கே வந்து போனை வாங்கிப் பேசினார். முதலில் விறைப்பாக நின்றார். பிறகு படியில் உட்கார்ந்தார். “எனக்கும் இடுப்பு வலிதான்க்கா. நீ கோவிச்சுக்குவியோன்னு சொல்லலை” என்றார். போனை வைத்ததும் தேஜஸ்ரீயை முறைத்தார்.

“இனிமே போனைக் கேட்டுட்டு எடு.”

அவ்வளவுதான் சொன்னார்.

ஞாயிறு காலை தெருவில் மிஷின் சத்தம் இல்லை. டெம்போ இல்லை. அன்புசெல்வி சைக்கிளில் ஏறினாள். விழுந்தாள். மறுபடி ஏறினாள். முழங்காலில் தோல் உரிந்தது.

“எனக்கு வராது. பூட்டுன கேட்டுக்கு முன்னாடியே நின்னு பழகிக்கறேன்.”

“பழகக் கூடாது!” என்று தேஜஸ்ரீ கத்தினாள். நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு நிழலுக்குப் போனது.

மோகன்ராஜ் மாமா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். “நான்தான் சொல்லித் தர்றேன்னு சொன்னனே?”

“எப்பங்க மாமா?”

மாமா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“பெடலை மறந்துரு. காலால தரையைத் தள்ளு. சக்கரத்தைப் பார்க்காத, தூரமாப் பாரு” என்றாள் தேஜஸ்ரீ.

அன்புசெல்வி தள்ளினாள். சைக்கிள் நகர்ந்தது. பிறகு கால்கள் தாமாகவே பெடலுக்குப் போயின. தெருமுனை வரை போனாள். பிரேக் ஞாபகம் வரவில்லை. வேஸ்ட் துணி மூட்டைகளின் மேல் மோதி நின்றாள். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அவள் சிரிப்பு கேட்டது.

மாலையில் அவிநாசிக்குப் போனார்கள். பெரியம்மாவின் கன்னத்தில் தலையணைத் தடம் இருந்தது. டீயும் முறுக்கும் கொடுத்தார். எந்த ஊர் நல்லா இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.

செப்டம்பரில், நெதர்லாந்தில், தேஜஸ்ரீ பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் போனில் அன்புசெல்வியின் குரல் பதிவு வந்திருந்தது. யாரிடமும் உரக்கப் பேசாத அன்புசெல்வி இப்போது மூச்சு வாங்கப் பேசினாள்.

“தேஜு, இன்னைக்கு நானே தனியா சைக்கிள்ல போனேன்! நான் போறப்ப கேட்டு தெறந்திருந்துச்சு. வழியில ஒருத்தரு பின்னாடியே ஹாரன் அடிச்சுட்டு வந்தாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. சைக்கிளை நிறுத்தி, எறங்கி, கேட்டுப்போட்டேன். ‘ஏனுங்க, ரோடு உங்க ஊட்டுதுங்களா?’ன்னு!”

அதற்குப் பிறகு அவர் ஹாரன் அடிக்கவில்லையாம்.