இரண்டாம் படி இல்லாத ஏணி

றவூப் தோணியோடு மேடைக்கு வந்தான்.

தோணி காகித மட்டையால் செய்தது. நடுவில் பெரிய ஓட்டை. அதற்குள் நின்று, இரண்டு கயிறுகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால், தோணி மிதந்து வருவது போல இருக்கும்.

நாடகத்தின்படி அந்தத் தோணி வாடைக்காற்றில் சிக்கி, கரை தெரியாமல் அலைகிறது. கரையில் உம்மா அரிக்கன் லாம்போடு காத்திருக்கிறாள். உம்மாவாக நடித்த றாஹிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடை ஓரத்து வாங்கில் உட்கார்ந்து ஹப்ஸா கிற்றார் வாசித்தாள்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. அழவேண்டிய றாஹிலாவும் சிரித்துவிட்டாள்.

"என்ன புள்ள இது?" என்றான் றவூப். "நான் கடல்ல தாழப் போறன். நீ எனக்கு மாப்பிள்ள ஊர்வலம் வைக்கிறாய்."

"மெதுவா வாசிக்கட்டா டீச்சர்?" என்று ஹப்ஸா கேட்டாள். மெதுவாக வாசித்தும் காட்டினாள்.

"இப்ப மாப்பிள்ளைக்குக் கால் சுளுக்கிட்டு," என்றான் றவூப்.

நபீலா டீச்சர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஹப்ஸாவிடம் வந்தார்.

"மெட்டு நல்லாத்தான் இருக்கு மகள். ஆனா அது கலியாண வீட்டு மெட்டு. எங்களுக்குக் காத்திருக்கிற மெட்டு வேணும். விழா வியாழக்கிழமை. புதன்கிழமை ஒத்திகைக்கு வேற மெட்டு வந்தா வைப்பம். இல்லாட்டி அந்த இடத்தில இசை வேணாம், சும்மா நடிப்பம்."

"வரும் டீச்சர்," என்றாள் ஹப்ஸா. எங்கிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் சொல்லிவிட்டாள்.

கிற்றார் அவளுடைய அண்ணன் சரீப் காக்காவுடையது. அதற்கு ஒரு சோகக் கதை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன், எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலில் வீட்டுக் கூரை பறந்தபோது அது நன்றாக நனைந்துவிட்டது. நனைந்த நெல்லைக் காயப்போட்டே பழகிய குடும்பம் அது. சரீப்பும் கிற்றாரைக் கொண்டுபோய், நெல் காயும் படங்குத் துணியில், நெல்லுக்குப் பக்கத்திலேயே வெயிலில் கிடத்தினான். அடிக்கடி புரட்டியும் விட்டான்.

நெல்லுக்கு அது நல்லது. மரத்துக்கு நல்லதல்ல. தண்ணீரில் ஊதிய மரம், கடும் வெயிலில் சட்டென்று சுருங்கும். அன்றிலிருந்து அந்தக் கிற்றாரின் கழுத்தில் இருந்த பித்தளைக் கம்பிகள், விழப்போகும் பல்லைப் போல ஆடிக்கொண்டிருந்தன.

அந்தப் பித்தளைக் கம்பிகள் எதற்கு? கிற்றாரின் கழுத்தில் அவை குறுக்குக் குறுக்காக, ஏணிப் படிகள் மாதிரி பதிந்திருக்கும். அவற்றுக்கு மேலே நீளமாகத் தந்திகள் ஓடும். விரலால் தந்தியை அழுத்தினால் அது ஒரு படியில் போய் முட்டும். அப்போது அதிரும் பகுதி குட்டையாகிறது. குட்டையான தந்தி வேகமாக அதிரும். வேகமாக அதிர்ந்தால் சுரம் உயரும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம்.

ஆனால் ஒரு மெட்டில் எல்லாப் படியையும் மிதிப்பதில்லை. ஹப்ஸாவின் கை சின்னது. அவள் மிக மெல்லிய தந்தி ஒன்றில் மட்டும்தான் மெட்டு வாசிப்பாள். முதலில் எதையும் அழுத்தாமல் வெறும் தந்தி. பிறகு இரண்டாம் படி, நாலாம் படி, ஐந்தாம் படி, ஏழாம் படி. இப்படியே மேலே போனால் ச ரி க ம ப என்று கேட்கும். அவளுக்குத் தெரிந்த ஏணி அது ஒன்றுதான். அதில் எப்படி ஏறினாலும் மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கிற்றாரை எடுத்தாள். வெறும் தந்தியைத் தட்டினாள். இரண்டாம் படிக்கு விரலை வைத்து அழுத்தினாள்.

டிக்.

ஏதோ மடியில் விழுந்தது. இரண்டாவது பித்தளைக் கம்பி.

"காக்கா, இஞ்ச வாங்க."

சரீப் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தான். "போச்சு. மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்த்தான் போடணும். அதுவரைக்கும் வாசிக்க ஏலாது."

"வியாழக்கிழமை விழா காக்கா."

"அதுக்கு நான் என்ன செய்யிற? ரெண்டாம் படி இல்லாம எப்படி ஏறுவாய்?"

அவன் போனதும் ஹப்ஸா பழைய இடத்திலேயே விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். இரண்டாம் படி இல்லாததால், தந்தி அடுத்திருந்த மூன்றாம் படியில் போய் முட்டியது. மூன்றாம் படியின் சத்தம்தான் வந்தது.

சரி, மூன்றிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம் என்று நினைத்தாள். மூன்று, ஐந்து, ஏழு, எட்டு. தேடித் தேடி ஏறினாள். வந்தது அதே மாப்பிள்ளை ஊர்வலம். கொஞ்சம் உயரத்தில் போனது, அவ்வளவுதான்.

ஹப்ஸாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் ஒரு விஷயம் பிடிபட்டது. எங்கே தொடங்குகிறோம் என்பதால் மட்டும் மெட்டின் குணம் மாறாது. படிகளுக்கு நடுவில் உள்ள தூரம் மாறவேண்டும்.

அப்படியானால் இதுவரை மிதிக்காத படியை மிதித்துப் பார்க்கவேண்டும். வெறும் தந்தி. அடுத்து, ஒட்டினாற்போல இருந்த ஒன்றாம் படி. அவள் அதை ஒருநாளும் தொட்டதில்லை. பிறகு ஒரு பெரிய தாண்டல், நேரே நாலாம் படிக்கு. பிறகு ஐந்து.

அவள் விரல் நின்றது.

இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரும் பக்கீர் பாவா, றபானைத் தட்டியபடி வாசலில் நின்று பாடுவாரே, அதில் இந்த வளைவு இருக்கிறது. யாரையோ தூரத்தில் தேடுவது போல ஒரு வளைவு.

ஒன்று, நாலு, ஐந்து, ஏழு. அதற்கு மேலே என்ன? ஒன்பதைத் தொட்டாள், மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். எட்டைத் தொட்டாள், அவர் போய்விட்டார். பத்து சரி. பதினொன்று சரியில்லை. பன்னிரண்டில் வெறும் தந்தியின் அதே சத்தம் உயரத்தில் கேட்டது.

இப்படி ஒவ்வொரு படியையும் தொட்டு, கேட்டு, வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்தாள். விரல் நுனி சிவந்தது. வாயில் வைத்து ஊதிவிட்டு மறுபடி தொடங்கினாள்.

குசினியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, நேத்து வரைக்கும் கலியாண வீடு. இண்டைக்கு மையத்து வீடா? கேட்டுக்கேட்டு எனக்கு ஆணத்துக்கு உப்புப் போட்டனா எண்டும் மறந்து போச்சு."

ஹப்ஸாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உண்மையாவா உம்மா? அவ்வளவு கவலையா இருக்கா?"

"இவளுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று உம்மா அடுப்படிக்குத் திரும்பினார்.

ஆனால் சாவு வீட்டு மெட்டும் சரியில்லையே. தோணி இன்னும் தாழவில்லை. நாடகத்து உம்மா நம்பிக்கையோடுதான் நிற்கிறாள். அடுத்த நாளும் ஹப்ஸா அதே ஏணியில் ஏறி இறங்கினாள். இறங்கும்போது ஒரு தடவை கை வழுக்கி, நாலுக்குப் பதில் மூன்றைத் தொட்டுவிட்டாள். பிழைதான். ஆனால் காதுக்கு இதமாக இருந்தது. ஏறும்போது நாலு, இறங்கும்போது மூன்று என்று வைத்துப் பார்த்தாள். ஏறும்போது கேள்வி கேட்பது போலவும், இறங்கும்போது யாரோ முதுகைத் தடவிவிடுவது போலவும் இருந்தது.

இன்னொன்றும் செய்தாள். மிகத் தடித்த தந்தியைப் பெருவிரலால் இடைக்கிடை தட்டினாள். அதுவும் மெல்லிய தந்தியின் அதே சுரம்தான், மிகக் கீழே, ம்ம்ம் என்று. தடித்த தந்தி கரை. மெல்லிய தந்தி தோணி. தோணி எங்கே போனாலும் கரை அங்கேயே இருக்கும்.

புதன்கிழமை ஒத்திகையில் யாரும் சிரிக்கவில்லை. நபீலா டீச்சர், "மூணு தரம் வாசி மகள். மூணாவது முடியக்குள்ள றவூப் தோணியோட வருவான்," என்றார். றவூப் தோணிக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டான். அவன் கேலி செய்யாததே பெரிய விஷயம்தான்.

வியாழன் பின்னேரம் பாடசாலை மண்டபம் நிறைந்திருந்தது. வாப்பாவும் சரீப்பும் முன் வாங்கில் இருந்தார்கள். றாஹிலா லாம்பை உயர்த்திப் பிடித்தாள். ஹப்ஸா பெருவிரலால் கரையைத் தட்டினாள். தோணியைக் கடலில் விட்டாள்.

ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாவது தரம் முடியும்போது அவள் திரையைப் பார்த்தாள்.

றவூப் வரவில்லை.

திரைக்குப் பின்னால் தோணியின் கயிறு தூணில் இருந்த ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தது. றவூப் இழுத்தான். மட்டை கிழியும் சத்தம் கேட்டது.

"புள்ள," என்று கிசுகிசுத்தான். "மாட்டிட்டு. நிப்பாட்டாத."

அவனைக் கேலி செய்ய அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் ஹப்ஸாவுக்கு அந்த நினைப்பே வரவில்லை. கரையான வெறும் தந்திக்கு இறங்கி முடிக்கப்போன விரலை அப்படியே நிறுத்தினாள். இறங்கிவிட்டால் மெட்டு முடிந்துவிடும். சனங்கள் கை தட்டுவார்கள். கிழிந்த தோணியோடு றவூப் தூணில் நிற்பான்.

ஆகவே அவள் கரைக்குப் போகவில்லை. யாரும் சொல்லித்தராத, அவளே இதற்குமுன் வாசிக்காத வழியில் போனாள். ஐந்திலிருந்து எட்டுக்கு ஏறினாள். பத்தைத் தொட்டுத் திரும்பினாள். ஐந்து, மூன்று என்று கீழே வந்து, ஒன்றாம் படியில் நின்றாள். கரைக்கு மிகக் கிட்ட, ஆனால் கரையில்லை. முன் வாங்கில் யாரோ மூச்சைப் பிடித்தார்கள். மறுபடி மேலே போனாள். தெரிந்த படிகளைத்தான் மிதித்தாள், அதனால் எங்கும் வழி தப்பவில்லை. பெருவிரல் மட்டும் கரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

றாஹிலாவுக்கும் விளங்கிவிட்டது. அவள் லாம்போடு மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்து, கண்ணுக்கு மேலே கை வைத்துக் கடலைப் பார்த்தாள்.

ஹப்ஸா இரண்டாவது தடவையும் ஒன்றாம் படி வரை வந்து திரும்பினாள். மூன்றாவது தடவை ஒன்றாம் படியில் விரல் நின்றபோது, திரை அசைந்தது. பக்கம் கிழிந்து, ஒரு கயிறு அறுந்து, சரிந்துபோய் ஆடி ஆடித் தோணி வந்தது. உண்மையாகவே புயலில் அடிபட்ட தோணி மாதிரியே இருந்தது.

"மகனே," என்றாள் றாஹிலா.

ஹப்ஸா விரலை எடுத்தாள். இரண்டு தந்திகளையும் ஒன்றாகத் தட்டினாள். கரை.

கைதட்டல் கூரைத் தகட்டில் முட்டியது.

திரைக்குப் பின்னால் றவூப் கிழிந்த தோணியைக் கழற்றினான். "ஆக்கள் எல்லாம் நான் தோணியை வேணுமெண்டே கிழிச்சன் எண்டு நினைக்காங்க," என்றான்.

"நினைக்கட்டும்," என்றாள் ஹப்ஸா.

அவன் கொஞ்சம் யோசித்தான். "என்ட கலியாணத்துக்கும் நீதான் வாசிக்கணும். அந்தப் பழைய மெட்டு."

அடுத்த கிழமை சரீப் மட்டக்களப்பிலிருந்து புதுப் பித்தளைக் கம்பி வாங்கிவந்து, இரண்டாம் படியைப் பதித்தான். "இந்தா. இப்ப ஏணி முழுசா இருக்கு. ஏறு."

ஹப்ஸா ஏறினாள். மாப்பிள்ளை ஊர்வலம் கம்பீரமாக வந்தது. பிறகு இரண்டை விட்டு ஒன்றில் ஏறினாள், தோணியும் வந்தது. இரண்டும் ஒரே தந்தியில் பத்திரமாக இருந்தன. அவள் தலையைச் சரித்து ஐந்தாம் படியை உற்றுப் பார்த்தாள்.

"காக்கா, இத கழட்டினா என்ன மெட்டு வரும்?"

சரீப் கம்பி பிடுங்கும் குறட்டை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.