மையப்பிறழ்வு ஒன்றுக்கு மேல்

அந்த மாதமும் தேற்றி அதையேதான் சொன்னது. "கப்பல் பயணத்தில் இருக்கிறது. கில்பர்ட் நலம்."

தூத்துக்குடியில் எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரு தேற்றி இருந்தது. கேட்பவரின் நாடியை அளந்து, அவர் தாங்கக்கூடிய பதிலை மட்டும் சொல்லும். அது வந்த பிறகு ஊரில் யாரும் இடிந்துபோய் உட்கார்ந்ததில்லை. சிறுகோள் சுரங்கத்துக்குப் போய்க் குறித்த நாளில் திரும்பாத ஒன்பது பேரின் வீடுகளிலும் சமையல் வழக்கம்போல நடந்தது.

அவர்களில் ஒருவனான கில்பர்ட்டின் மனைவி ஜெனோவா மட்டும் செய்தியின் அடியில் பொடி எழுத்தில் வரும் ஆறு எண்களைக் கவனித்தாள். கப்பல் இருக்கும் இடமும் வேகமும் அவை. அவற்றால் என்ன தெரியும் என்று கேட்டாள். அது அவளுக்கு வேண்டாம் என்றது தேற்றி.

மூடிவிட்ட ஒரு கல்லூரியின் கழிவுக் குவியலிலிருந்து பழைய வானியல் பாடநூல் ஒன்றை எடுத்துவந்தாள். படங்கள் குறைவு, பக்கம் முழுக்கச் சமன்பாடுகள். நுண்கணிதம் பிடிபடவே ஏழு மாதம் ஆயிற்று. அந்தப் புத்தகம் யார் நாடியையும் பார்க்கவில்லை. 'இதனை மாணவர் தாமே நிறுவுக' என்று சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். அவள் அழுதுகொண்டே நிறுவினாள்.

கில்பர்ட்டின் தங்கை கிளாடிஸுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "எதுக்கு மைனி கண்ணக் கெடுக்கிய? அண்ணன் வந்துட்டுதான இருக்காவ."

கப்பல் நாள் தவறிய பதினேழாம் மாதம் ஜெனோவா ஆறு எண்களையும் சமன்பாட்டில் இட்டாள். பாதையின் மையப்பிறழ்வு ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் அது நீள்வட்டம். போனது என்றாவது திரும்பும். ஒன்றைத் தாண்டினால் திரும்பாது. விடை 1.17. மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். அணைய வேண்டிய நேரத்தில் இயந்திரம் அணையாமல் எரிந்திருக்க வேண்டும். கப்பல் சூரியனையே விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கிளம்பும்போது ஏற்றிய கணக்குப்படி உள்ளே இன்னும் இரண்டு வருடத்துக்குச் சாப்பாடு இருந்தது.

பிறகு பழைய செய்திகளை எடுத்துவைத்துக்கொண்டு, பழுதான கப்பல்களை இழுத்துவரச் செவ்வாய் நிலையத்தில் நின்ற இழுவைக்கலம் துரத்திப் பிடித்திருக்க முடியுமா என்று மாதம் மாதமாகக் கணக்கிட்டாள். முதல் ஐந்து மாதத்துக்குள் என்றால் பிடித்திருக்கலாம். அதன் பிறகு முடியாது.

"ஏன் அந்தக் கலத்த அனுப்பல?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

தேற்றி அவள் நாடியை வெகுநேரம் அளந்தது. "மீட்கச் சொல்லி ஒன்பது குடும்பங்களில் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் நிம்மதியாக இருந்தீர்கள்."

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு கிளாடிஸ் வீட்டுக்கு நடந்தாள். உட்காராமலே சொன்னாள். "உங்க அண்ணன் இனி வர மாட்டாவ."

கிளாடிஸ் வெளிறிப்போனாள். ஒரு நொடி ஜெனோவாவின் கையைப் பிடிக்க வந்தவள், சுவர்ப்பக்கம் திரும்பித் தேற்றியிடம் கேட்டாள். பதிலைக் கேட்கக் கேட்க அவள் முகத்தில் இரத்தம் திரும்பியது.

"கணக்கு எங்கயோ தப்பிட்டு மைனி," என்றாள் பரிவோடு. ஜெனோவாவை உட்காரவைத்து, தட்டில் சோறு போட்டாள்.