சாலமன் இரவுப் பேருந்தை மறுத்தது ஏன்?

பீர்க்கன்கரணையில் வசித்த ஓய்வுபெற்ற குற்றப்பிரிவு ஆய்வாளர் சுப்ரமணியன் அவர்களின் இல்லத்திற்கு, ஒரு ஞாயிறு பிற்பகலில் கிறிஸ்டினா என்னும் அம்மையார் அழுத கண்களோடு வந்தார். பக்கத்து வீட்டுத் துர்காவும் ஆவலோடு உடன் வந்து அமர்ந்துகொண்டார்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் நாகர்கோவில்ல எங்க பொண்ணு கல்யாணம் சார். நைட் பஸ்ல போகணும். என் வீட்டுக்காரர் வரமாட்டேங்கிறார், காரணமும் சொல்லல. லெந்து நோன்பு ஆரம்பிச்சதுலேர்ந்து என் பக்கத்துலகூடப் படுக்கிறதில்ல. ஹால்ல தரையில தூங்குறார். விடியறதுக்குள்ள பெட்ஷீட்ட அவரே துவைச்சிடுறார். ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சா தண்ணிகூடத் தொடறதில்ல."

"மாப்பிள்ளைய புடிக்கல சார், அவ்ளோதான்," என்றார் துர்கா.

சுப்ரமணியன் புன்னகைத்தார். "இன்னைக்கு ஆராதனைக்கு வந்தாரா?"

"வந்தார். முடியற வரைக்கும் எழுந்து வெளிய போகவே இல்ல."

மூவரும் கிறிஸ்டினாவின் வீட்டிற்குச் சென்றனர். அவருடைய கணவர் சாலமன் அளவாக வணக்கம் சொன்னார். மேசையில் அவருடைய இரவு உணவு மூடி வைக்கப்பட்டிருந்தது. அருகில் இரத்த அழுத்த மாத்திரை. கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டையோ பிரிக்கப்படாமல் குளிர்பெட்டியின் மேல் கிடந்தது.

"காலையில சாப்பிடறதில்லையா சார்?"

"லெந்துல ராத்திரி ஒருவேளைதான்," என்றார் சாலமன்.

சுப்ரமணியன் நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "என் கதைய முதல்ல சொல்லிடறேன். நானும் இதே பிரஷர் மாத்திரைதான். உடம்புல தேங்குற நீரை மூத்திரமா வெளியேத்துறது. ஒருநாள் காலையில மறந்துட்டு ராத்திரி போட்டேன். படுக்கை நனைஞ்சிடுச்சு."

சாலமனின் தலை தாழ்ந்தது.

"ஆராதனை முழுக்க உங்களால அடக்க முடிஞ்சுது. ராத்திரி மட்டும்தான் தொல்லை. காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட வேண்டியத, நோன்புனால ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளிட்டீங்க. சரியா?"

"ஆமா சார். ஆனா கொலஸ்ட்ரால் மாத்திரைதான் நரம்பத் தளர்த்துதுன்னு வாட்ஸ்அப்ல வந்துது சார். அதான் நிறுத்திட்டேன்."

"பழி தப்பான ஆள் மேல விழுந்திருக்கு. கொலஸ்ட்ரால் கூடினா ரத்தக்குழாய் அடைபடும். மூத்திரப்பைக்குப் போற ரத்தமும் குறையலாம்னு சொல்றாங்க. ஆனா நான் டாக்டர் இல்ல. எந்த மாத்திரைய எப்போ போடணும், நோன்பு இருக்கலாமான்னு நாளைக்கு உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க."

கிறிஸ்டினா கணவர் பக்கம் திரும்பினார். "இதுக்கா என்னைத் தனியா படுக்க விட்டீங்க?"

"நீ மூக்கச் சுளிச்சிடுவியோன்னு..."

"உங்க குறட்டையவே இத்தனை வருஷம் சகிச்சுக்கிட்டு இருக்கேன். இதுவா பெருசு?"

மறுநாள் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, அழுத்த மாத்திரையைக் காலைக்கே மாற்றினார்; கொலஸ்ட்ரால் மாத்திரையையும் தொடரச் சொன்னார். மாத்திரையோடு காலையில் சிறிது உண்ண வேண்டும் என்றும் கண்டிப்பாகக் கூறினார். அடுத்தடுத்த இரவுகளில் படுக்கை நனையவில்லை.

அதன் பிறகு சாலமன், மனைவி அருகில் இருக்கும்போதே, மகளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அப்பாவுக்கும் சேர்த்து டிக்கெட் போடும்மா. டிரைவருக்குப் பக்கத்துல பார்த்துப் போடு. வழியில வண்டிய நிறுத்தச் சொல்லணும்னா நானே கேட்டுக்கிறேன்."