பார்க்காமல் சொன்ன ஆமாம்

மேசைமேல் கிடந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கு மின்சாரமே கொடுத்திருக்கவில்லை. எந்தக் கணினிப் பெட்டியிலும் செருகாமல், ரப்பர் விரிப்பின்மேல் மல்லாந்து கிடந்தது. இருந்தும் அதன் இடது காற்றாடி அரைச்சுற்று சுற்றி நின்றது.

பெய்-சுவான் திருப்புளியைப் பிடித்த கை பிடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புயல் காற்று எங்காவது சந்து பார்த்து நுழைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டில் சந்தே கிடையாது. அப்பாவின் நுரையீரலுக்கு ஈரக்காற்று ஆகாது என்று காலையிலேயே எல்லா ஜன்னலுக்கும் டேப் ஒட்டி, இடுக்குகளில் பழைய துண்டுகளைத் திணித்து வைத்தவள் அவள்தான்.

பிற்பகல்தான், ஆனாலும் விளக்கில்லாமல் முடியவில்லை. புயலுக்காக நகராட்சி விடுமுறை விட்டிருந்தது. அவர்கள் குடியிருந்த சான்சோங் பகுதியின் கடைகள் மொத்தமும் ஷட்டரை இறக்கிவிட்டன. எதிர்வீட்டு மாடியின் தகரக் கூரை காற்றில் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் அப்பாவின் ஆக்சிஜன் இயந்திரம் தன் பாட்டுக்கு ஓடியது. டக், பிறகு நீளமாக ஒரு புஸ். அந்தச் சத்தத்தோடு மூன்று வருடமாகக் குடித்தனம் நடத்துகிறாள். அது இருப்பதே அவள் காதில் விழுவதில்லை.

கார்டைப் பழுதுபார்க்க அவளிடம் கொண்டுவந்தவன் சியூ. பழைய கார்டுகளை மொத்தமாக வாங்கி விற்பவன். மலையடிவாரத்தில் ஒரு கொட்டகைக்குள் இரவும் பகலும் கணக்குப் போட்டு கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான கார்டுகளில் இது ஒன்று. ஓடினால் காற்றாடி திடீரென்று வேகம் எடுக்கும், அப்படியே தணியும், மறுபடி எடுக்கும். "இதுக்கு மூச்சு வாங்குதுக்கா, பயாஸை மாத்துனா அடங்கிடும்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனான்.

பயாஸ் என்பது கார்டு கண் விழித்ததும் தான் யாரென்று தெரிந்துகொள்வதற்கான சின்ன நிரல். அதை அழித்து வேறொன்றை எழுதும்போது கை நடுங்கக் கூடாது, மின்சாரம் போகக் கூடாது, எல்லாவற்றுக்கும் முன்னால் பழையதை ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். நகலை அவள் ஒழுங்காக எடுத்து வைத்திருந்தாள். ஆனால் எழுதிய புதியது வேறு வகை நினைவகச் சில்லுக்கானது. கார்டின் பெயர் ஒன்றே என்பதால் அவசரத்தில் கவனிக்கவில்லை. காலையில் பெட்டியை மறுபடி இயக்கியபோது திரை கருப்பாகவே கிடந்தது.

அப்பா படுக்கையிலிருந்தே விசாரித்தார். அவர் முப்பது வருடம் டாக்ஸி ஓட்டியவர், யாரையும் சும்மா விடமாட்டார்.

"என்ன அ-சுவான், சத்தத்தையே காணோம்? செத்தது அதுவா, நானா?"

"ரெண்டும் சாகலை. கஞ்சியக் குடிச்சிட்டுத் தூங்குங்கப்பா."

அவர் முள்ளங்கி வற்றலைக் கடித்துக்கொண்டே சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமலின் முடிவில் எப்போதும் வரும் அந்த மெல்லிய விசில் வந்தது. பிறகு தூங்கிப்போனார்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். அவளால் முடியாது. தன் கையால் செத்த பொருளை மேசையில் போட்டுவிட்டு அவளால் தூங்க முடிந்ததே இல்லை. இன்னொரு கார்டைச் செருகித் திரையைப் பார்க்கலாம் என்றால் வீட்டில் வேறு கார்டு இல்லை. சில்லை நேரடியாகக் கவ்விப் பிடித்து எழுதும் கருவியை நண்பன் அ-காய் இரவல் வாங்கிப்போயிருந்தான். ஃபோன் செய்தாள். அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான்.

"குருட்டடிதான் அடிக்கணும்," என்றான். "திரை தெரியாட்டியும் பெட்டி உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கும். பழைய நகல எழுதச் சொல்லிக் கட்டளைய அடி. பீப்புன்னு ஒரு கேள்வி கேக்கும். y அடிச்சா ஆமான்னு அர்த்தம். ஒரே ஒரு தடவதான் கேக்கும்."

ஃபோனை வைப்பதற்கு முன் கேட்டான்: "பச்சை இருக்குல்ல?"

பச்சை இல்லாமல் இந்தத் தீவில் யாரும் எந்த இயந்திரத்திலும் கை வைப்பதில்லை. தேங்காய் வாசனைச் சோளப்பொரி, காற்று ஊதிய பச்சைப் பொட்டலம். அதன் பெயருக்கே 'சமர்த்தாயிரு' என்றுதான் அர்த்தம். வங்கியிலும் ரயில் நிலையத்திலும் இயந்திரத்தின் தலையில் அது உட்கார்ந்திருக்கும். பிரித்துத் தின்னக் கூடாது. தேதி கடந்ததை வைப்பது வைக்காததைவிட மோசம். பெய்-சுவான் தன் பெட்டியின் மேலிருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். தேதி போன வாரமே முடிந்திருந்தது.

கடையெல்லாம் அடைப்பு. வீட்டில் இருந்த இன்னொரு பொட்டலம் அப்பாவின் ஆக்சிஜன் இயந்திரத்தின் மேல் இருந்தது. அதை அங்கே வைத்தவர் அவரேதான். "இத எடுத்தா நான் மூச்சு விடமாட்டேன், பாத்துக்க" என்று அன்றைக்குச் சொல்லிவிட்டுக் கண்ணடித்தார்.

அவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூக்குக் குழாய் சரியாக இருந்தது. இயந்திரத்தின் பச்சை விளக்கும் சரியாக எரிந்தது. பத்து நிமிஷம்தான் என்று நினைத்துக்கொண்டு பொட்டலத்தை எடுத்தாள். சரசரத்தது. தைலமும் வெந்நீரும் கலந்த அந்த அறையின் வாசனை அவளோடு கூடவே வந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கார்டைச் செருகினாள். பொட்டலத்தைப் பெட்டியின் தலையில் வைத்தாள். சுவிட்சைப் போட்டாள். திரை கருப்பாகவே இருந்தது, அதில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. காற்றாடிகள் சுழலத் தொடங்கின. சூடான தூசியும் கருகிய முடியும் கலந்த நெடி எழுந்தது. பெட்டி உள்ளுக்குள் விழித்து முடிக்கட்டும் என்று தனக்குள் நூறு வரை எண்ணினாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, என்டரை அழுத்தினாள்.

பீப்.

y. என்டர்.

அவ்வளவுதான். இனி தொடாமல் காத்திருக்க வேண்டியதுதான். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பீப்.

முதல் y சரியாக விழவில்லை போலிருக்கிறது. திரை தெரியாதபோது எதைக் கண்டது? மறுபடி y. என்டர். கூரைத் தகரம் தூக்கி அடித்தது. விளக்கு ஒருமுறை மங்கி நிமிர்ந்தது. மின்சாரம் மட்டும் போய்விடக் கூடாது. பாதியில் போனால் கார்டு போனதுதான்.

பீப்.

இப்போது தயங்கினாள். ஒரே ஒரு தடவைதான் கேட்கும் என்று அ-காய் சொன்னான். அவனைக் கூப்பிடச் செல்லை எடுத்தாள், சிக்னல் இல்லை. விளக்கு மறுபடி மங்கியது. n அடித்தால் எல்லாம் பாதியில் நின்றுவிடுமோ என்று பயம். y. என்டர்.

அடுத்த அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அ-சுவான்."

மெதுவாகத்தான் கூப்பிட்டார். தண்ணீர் கேட்பதைப்போல.

பீப்.

"ஒரு நிமிஷம்ப்பா," என்றாள். y. என்டர்.

அதன்பிறகு பீப் வரவில்லை. அவர் மறுபடி கூப்பிடவும் இல்லை. காற்றாடிகள் வேகம் எடுத்தன, தணிந்தன, எடுத்தன. பழைய நகல் ஏறிவிட்டது, அதனால்தான் பழையபடி மூச்சு வாங்குகிறது என்று மனசு சொன்னது. சந்தோஷப்பட்டாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். பெட்டியை அணைத்து மறுபடி போட வேண்டும் என்று கையை நீட்டியபோதுதான் அது காதில் விழுந்தது.

காற்றாடி தணியும் ஒவ்வொரு முறையும், கடைசியில், ஒரு மெல்லிய விசில்.

கை நின்றது. அடுத்த அறையில் டக், புஸ். டக், புஸ். இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒழுங்காக ஓடுகிறது. எழுந்து போனாள். நான்கு எட்டு தூரம்தான்.

மூக்குக் குழாய் சரியாக இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அப்பாவின் கண்கள் வாசலைப் பார்த்துத் திறந்திருந்தன. ஒரு கை போர்வைக்கு வெளியே, அவள் இருந்த அறையை நோக்கி நீண்டிருந்தது. இயந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது. மார்பு அசையவில்லை.

"அப்பா."

மூக்கருகே விரலை வைத்தாள். குழாயின் காற்று மட்டும் பட்டது.

"அப்பா. வந்துட்டேன்ப்பா."

பின்னால், அவள் அறையில், விசில் கேட்டது. பிறகு இருமல். காற்றாடி இருமுமா?

ஓடினாள். அணைக்காமலே, மறுபடி போடாமலே, திரை விழித்திருந்தது. கருப்பில் வெள்ளை எழுத்துகள். முதல் வரி எப்போதும் வருகிற ஆங்கிலக் கேள்வி. அடுத்த மூன்றும் அவளும் அப்பாவும் பேசும் தாய்மொழி எழுத்தில் இருந்தன. எந்த நிரலும் அப்படி எழுதாது.

கார்டில் இருப்பதை அழிக்கவா? y

காலியான இடத்தில் வேறொன்றை வைக்கவா? y

பக்கத்து அறையில் இருப்பதை எடுத்துக்கொள்ளவா? y

அவர் உன்னைக் கூப்பிடுகிறார். தொடரவா? y

நான்கு y. அவளுடைய விரல்.

பெட்டியின் தலையில் பச்சைப் பொட்டலம் உப்பியது. தணிந்தது. உப்பியது. பிரிக்காத பொட்டலம். ஒவ்வொரு முறையும் மெல்லச் சரசரத்தது. அதை எடுத்து அந்த அறையில் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கை நீண்டது. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

மின்சாரம் போனது.

திரை அணைந்தது. விளக்கு அணைந்தது. அடுத்த அறையில் டக் வந்தது, புஸ் வரவில்லை. தகரக் கூரைகூட ஓய்ந்திருந்தது.

போச்சு. இதற்குள் இருந்ததும் போச்சு. அப்பா போயாச்சு. பெய்-சுவான் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காற்றாடி நிற்கவில்லை.

சுழன்றது. தணிந்தது. விசில். சுழன்றது. ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கொஞ்சம் பலவீனமாக. பொட்டலம் சரசரத்தது. யாரோ காத்திருப்பதைப்போல ஒரு நிறுத்தம்.

பீப்.

என்ன கேட்டது என்று தெரியவில்லை. திரை கருப்பு. அறை கருப்பு. திருப்பிக் கொடுக்கவா என்றா. முடித்துவிடவா என்றா. இல்லை, உனக்குள் வைக்கவா என்றா. விசில் மெலிந்துகொண்டே வந்தது. அவள் விரல்கள் விசைப்பலகையில் ஊர்ந்து, y-ஐத் தொட்டு, n-ஐத் தொட்டு, மறுபடி y-க்கு வந்தன.

"அப்பா," என்றாள், "என்ன கேக்குது?"

பீப்.