பெயர் சொல்லி அழைத்தவள்

பூந்தமல்லி தாலுகா அலுவலகத்துப் பதிவறைக்கு மனைவியைக் கூட்டிப்போக லீவு போடுகிற கணவன் எத்தனை பேருக்கு வாய்ப்பான்? தாட்சாயிணிக்குப் பெருமை பிடிபடவில்லை. "செத்துப்போன பொம்பளைங்க கதைய எழுதி இன்னா ஆவப்போவுது?" என்று கல்யாணமானதிலிருந்து கேலி பேசிய லோகநாதன்தான், அன்று அம்பத்தூர் கம்பெனிக்கு மட்டம் போட்டு அவளை ஸ்கூட்டரில் ஏற்றி வந்திருந்தான்.

அவள் வரலாறு எம்.ஏ. ராஜாக்களை விட்டுவிட்டு, களை பறித்தவர்களையும் பிள்ளை பெற்றுச் செத்தவர்களையும் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பழைய கிராம முன்சீபுகளின் பிறப்பு இறப்புக் கணக்கெல்லாம் அந்த அறையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. கரையான் மண்ணும் வௌவால் எச்சமும் மூக்கைத் துளைத்தன. அந்தக் கணக்கில் பாதிப் பெண்களுக்குப் பெயரே கிடையாது. இன்னார் மனைவி, இன்னார் மகள், அவ்வளவுதான்.

"எங்க ஊட்டு பூவாடைக்காரி பேரையும் தேடிக் குடு தாட்சா," என்றான் லோகநாதன். "எங்க தாத்தாவோட அப்பாவுக்கு மொத சம்சாரம். பேரு யாருக்கும் தெரியாது. அது மனசு குளுந்தாத்தான் சுசீலாவுக்கு நடக்கும்."

சுசீலா அவன் தங்கை. அவள் கல்யாணம் நிச்சயமாவதும் நின்றுபோவதுமாக இருந்தது. சுமங்கலியாகச் செத்த பெண்தான் பூவாடைக்காரி; அவளைக் கிணற்றடியிலிருந்து செம்பில் அழைத்து வந்து, சேலை வைத்துக் கும்பிட்ட பிறகே அந்தப் பக்கத்தில் கல்யாண வேலை தொடங்கும்.

மத்தியானத்துக்குள், அந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு நேராகவே கிடைத்துவிட்டது. வேம்புலியம்மாள், வயது பத்தொன்பது, திருமுல்லைவாயில், கிணற்றில் தவறி விழுந்து மரணம்.

தாட்சாயிணிக்குக் கண் கலங்கியது. பெயரைக்கூடத் தொலைத்துவிட்ட வீட்டுக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோகிறோமே என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

"கண்டுபுடிச்சவ நீதானே, நீயே கூப்புடு," என்றாள் மாமியார் பொன்னம்மாள். சுசீலாவை மட்டும் காலையிலேயே சேக்காட்டிலிருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஏனென்று தாட்சாயிணி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். வீட்டின் பின்னால் கிணற்றில் அழுகிய இலை வாடை. பம்பை மேளச் சத்தம் நின்றதும் செம்பில் நீர் மொண்டு, வேப்பிலை செருகி, அவள் மெல்லக் கூப்பிட்டாள்.

"வேம்புலியம்மா, வாங்க."

தவளைகள் அடங்கின.

செம்பு கனத்தது.

தோளில் ஓர் ஈரக் கை அழுந்தியது.

திடுக்கிட்டுத் திரும்பினாள். பின்னால் நின்ற கூட்டம் இல்லை. பம்பைக்காரர் இல்லை. லோகநாதன் இல்லை. காதோரத்தில் மட்டும் யாரோ மூச்சுத் திணறும் சத்தம்.

"நா வுழல," என்றது அது. "கட்டுன மாமாதான் தள்ளுனாரு."

செம்பை மார்போடு அணைத்தபடி தாட்சாயிணி வீட்டைச் சுற்றி வாசலுக்கு ஓடினாள். தோளில் இருந்த கை எடுபடவில்லை. கேட்டுக்கு வெளியே அவளுடைய பெட்டியோடு லோகநாதன் நின்றிருந்தான். பக்கத்தில் ஓர் ஆட்டோ.

"இன்னாங்க இது?"

அவன் தலை நிமிரவில்லை. பதில் வீட்டு வாசலிலிருந்து வந்தது. "அது ஊட்ட வுட்டுப் போனாத்தான் சுசீலாவுக்கு நடக்கும், பேரு சொல்லி கூப்ட்டவ பின்னாலயே போயிடும்னு சாமியாடி சொன்னாரு. எங்க ரத்தத்துல ஒருத்தர கூப்புடச் சொல்ல முடியுமா? பட்டாபிராம்ல உங்கம்மா ஊடு கீதில்ல? போ," என்றாள் பொன்னம்மாள்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"சுசீலா எந்தங்கச்சி, தாட்சா," என்றான் லோகநாதன்.

லீவு, ஸ்கூட்டர், அக்கறை, எல்லாம் இதற்குத்தானா? நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். கொஞ்ச நேரத்துக்கு முன்பிருந்த பயம்கூட ஆத்திரத்தில் கருகிவிட்டது.

செம்பை முகத்தருகே தூக்கினாள்.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள். "நீங்க எங்கயும் வர வேணாம். இது உங்க ஊடு. உள்ள போங்க."

செம்பைக் கேட்டுக்குள் கவிழ்த்தாள். தண்ணீர் தெருச் சரிவில் இறங்கவில்லை. கோடாக நீண்டு, வாசற்படி ஏறி, பொன்னம்மாளின் காலைச் சுற்றி உள்ளே போனது. தாட்சாயிணியின் தோள் லேசானது.

பொன்னம்மாளை உள்ளே அடைத்துக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது.

"அம்மா!" லோகநாதன் ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். "அம்மா, தொற!"



தாழ்ப்பாள் மெல்ல விலகியது. இருட்டுக்குள் வளையல்கள் குலுங்கின. அவர்கள் யாரும் கேட்டிராத ஒரு சின்னப் பெண்ணின் குரல் குழைந்தது.

"உள்ள வாங்க மாமா. கால் கழுவத் தண்ணி வெச்சிகீறேன்."