சந்தேகப்பட ஓர் ஆள்

நிறைமதி கை வைத்ததும் உறுதிமானி சிவந்தது. கூடத்தில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். மேலாண் இயக்குநர் குலோத்துங்கன் மட்டும் பார்க்கவில்லை. அவர் அமைச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை வைங்க மேடம்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நூறு தடவை வச்சாலும் இதேதான் சார். இறக்கை மூட்டு சரியா இருக்குன்னு என்னால சொல்ல முடியாது."

தென்னக வானூர்திக் கழகம் முழுக்க முழுக்க அரசுக்குச் சொந்தம். பயணிகள் விமானம் செய்வதுதான் அதன் வேலை. ஆனாலும் அதன் பெயரைச் சொன்னால் ஊருக்கு உறுதிமானிதான் நினைவுக்கு வரும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை. வேலை முடித்தவர் அதில் கை வைத்து, "இது சரியாக இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். நாடியையும் தோலின் ஈரத்தையும் படித்துவிட்டு, அவர் மனமறிந்து சொன்னாரா என்று அது காட்டிவிடும். பச்சை என்றால் உண்மை, சிவப்பு என்றால் பொய். பார்க்காததைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டே காலம் தள்ளிய கூட்டம் ஒரே வருஷத்தில் காலி. அதைக் கண்டுபிடித்தவள் இதே நிறைமதிதான். தலைமை ஆய்வாளர் நாற்காலி அவளுக்கு அதனால்தான் கிடைத்தது.

இன்று அவளுக்கே சிவப்பு. காரணம் சுடுகலம். இறக்கை உடலோடு சேரும் மூட்டின் தகடுகளைப் பசை தடவி ஒட்டி, வீடு அளவுக்குப் பெரிய அந்த அடுப்பில் வேகவைப்பார்கள். இடது மூட்டு வெந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய், சூடு இறங்கி, மறுபடி ஏறியது. ஒலியைச் செலுத்தி உள்ளே விரிசல் தேடும் ஒலிநோக்கியை வைத்துப் பார்த்தார்கள், விரிசல் இல்லை. விதிப்படி அது போதும். ஆனால் அரைவேக்காட்டுப் பசை இரண்டு தகடுகளையும் தொட்டுக்கொண்டிருக்கும், பிடித்துக்கொண்டிருக்காது. அந்த வித்தியாசம் ஒலிநோக்கிக்குத் தெரியாது. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பிரித்தால் விழா இல்லை, அமைச்சர் இல்லை, மாலை இல்லை.

விமானத்துக்கு மாலை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. கழகத்தில் வீட்டுப் பறப்பு என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புது விமானமும் விற்பனைக்குப் போகுமுன், அதைச் செய்தவர்களையே குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வரும். பட்டுப்புடவையும் பூவுமாக எல்லோரும் வந்திருந்தார்கள். இருக்கைப் பிரிவில் வேலை செய்யும் அவளுடைய தங்கை அமுதினியும் இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்திருந்தாள். அந்த மூன்று பேரை விட்டால் நிறைமதிக்கு உலகத்தில் யாரும் இல்லை.

"அப்ப இது விழும்ங்கறீங்களா?" என்று அமைச்சர் கேட்டார்.

"விழலாம்ங்க."

"லாமெல்லாம் எதுக்கும்மா? கை வச்சுச் சொல்லுங்க."

நிறைமதி கை வைத்தாள். "இந்த விமானம் விழும்" என்றாள். சிவப்பு.

பின்னே எப்படிப் பச்சை வரும்? விழும் என்று அவளுக்குத் தெரியாதே! அவளிடம் இருந்தது சந்தேகம். சந்தேகப்படுகிறவனுக்கும் பொய் சொல்கிறவனுக்கும் கை ஒரே மாதிரிதான் வியர்க்கிறது.

"சரின்னாலும் பொய், விழும்னாலும் பொய். மேடம் வாயில உண்மையே வராது போல" என்றார் குலோத்துங்கன். நாலைந்து பேர் சிரித்தார்கள். "மானி பொய் சொல்லாது. நீங்க சொன்னதுதானே மேடம்?"

சொன்னதுதான். லூர்து என்று மூட்டுப் பிரிவில் ஒருவர் இருந்தார். அவர் கை அடிக்கடி சிவக்கும். "பொய் இல்லீங்க மேடம், சந்தேகமா இருக்குதுங்க" என்று கெஞ்சினார். மானி பொய் சொல்லாது என்று அவள்தான் அவரை வீட்டுக்கு அனுப்பினாள்.

அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. மறுபடியும் பலகையில் கையை அழுத்தினாள்.

"நான் இதுல ஏற மாட்டேன். என் தங்கச்சியையும் ஏற விட மாட்டேன்."

பளிச்சென்று பச்சை. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அமைச்சர் நெளிந்தார். குலோத்துங்கன் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"ஒருத்தர் பயந்தா ஆச்சா? செஞ்சவங்க அத்தனை பேரும் இங்கதான் இருக்காங்க. எல்லாரும் கை வைக்கட்டும். இன்னும் ஒரே ஒரு கை சிவந்தாலும் பறப்பை நிறுத்திடறேன்" என்றார்.

நிறைமதிக்கு உயிர் வந்தது. இத்தனை பேரில் ஒருவருக்காவது நெஞ்சு உறுத்தாதா?

வரிசை நகர்ந்தது. "நான் ஏறுவேன்." பச்சை. "நான் ஏறுவேன்." பச்சை. அன்றைக்குச் சுடுகலத்தை ஓட்டிய செழியனும் வந்தான். மின்சாரம் போனதைக் கண்ணால் பார்த்தவன். அவனுக்கும் பச்சை. அவன் நடிக்கவில்லை, நிஜமாகவே அவனுக்கு ஒரு கவலையும் இல்லை.

கடைசியில் அமுதினி வந்தாள். பச்சை.

"அமுதா, வேண்டாம்டி. பிள்ளைங்களையாவது விட்டுட்டுப் போ."

"ஒலிநோக்கி ஒண்ணுமில்லைங்குது, மானி பச்சைங்குது. உனக்கே விழும்னு தெரியலைங்கறே. நல்ல நாளும் அதுவுமா எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதேக்கா." கையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் நிறைமதிக்கு உறைத்தது. வருஷா வருஷம் சிவந்த கைகளை எல்லாம் அவள் கழித்துக்கட்டியிருந்தாள். பொய்யர்களும் போனார்கள், வீட்டுக்குப் போகும் வழியில் பாதியில் திரும்பி வந்து திருகாணியைத் தொட்டுப் பார்க்கிறவர்களும் போனார்கள். மிச்சம் நின்றவர்கள் எதைப் பார்த்தும் சந்தேகம் வராதவர்கள். கூடம் நிறைய அவளே பொறுக்கி எடுத்த ஆட்கள்.

காவலர்கள் அவளை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கண்ணெதிரே படிக்கட்டில் பிள்ளைகள் ஏறின. லூர்துவின் எண்ணைத் தேடி அழைத்தாள். பக்கத்து ஊரில் அவர் கோழிப்பண்ணை வைத்திருப்பதாகக் கேள்வி.

"லூர்து, நிறைமதி பேசறேன். உடனே கிளம்பி வாங்க. இன்னும் ஒரு கை சிவந்தாப் போதும், நிறுத்திடுவாங்க."

"என் கையை அங்க யாருங்க சேர்த்துக்குவாங்க?" குரலில் விஷம் இருந்தது. "சிவந்த கையெல்லாம் நீங்கதானுங்க மேடம் வெளிய அனுப்புனீங்க."

கதவை மூடிவிட்டு விமானம் ஓடுதளத்தில் ஓட ஆரம்பித்தது. அந்த இரைச்சல் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். குரலை மாற்றிக்கொண்டு கேட்டார்.

"எந்த மூட்டுங்க மேடம்? சூடு எவ்வளவு இறங்குச்சு?"

காலையிலிருந்து அந்தக் கேள்வியை ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. பதில் சொல்ல அவள் வாயெடுத்தபோது சக்கரங்கள் தரையை விட்டிருந்தன.