வாய்க்கு எட்டாத இதயத் துடிப்பு

குளத்தில் நீந்தும் நீர்த்தெள்ளு எள்ளளவுதான் இருக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி. நுண்ணோக்கியில் வைத்தால் அதன் இதயம் துடிப்பது அப்படியே தெரியும்.

மலேசியாவில் சுங்கை லாலாங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் உமாராணி, அந்தத் துடிப்பை ஒரு நிமிடம் வாய்விட்டு எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு.

பிறகு ரமணி டீச்சர் அட்ரினலின் ஒரு சொட்டு விட்டார். நாய் துரத்தும்போது நம் நெஞ்சைப் படபடக்க வைக்கிறதே, அந்த ஹார்மோன்தான். உமாராணி மறுபடி எண்ணினாள். நூற்றுப் பத்தொன்பது.

"மருந்து பழசு லா," என்றான் அவளுடைய கூட்டாளி தீபன்.

டீச்சர் பெருமூச்சு விட்டார். "வித்தியாசமே இல்லன்னா சனிக்கிழமை போட்டிக்கு எப்படிம்மா போறது?"

உமாராணிக்கு அழுகை முட்டியது. சுங்கைப் பட்டாணியில் நடக்கும் அந்த அறிவியல் போட்டிக்காக ஒரு மாதமாகக் குளத்தில் தெள்ளு பிடித்தவள் அவள். ஆனாலும் உண்மையை மறைக்க மனம் வரவில்லை.

"டீச்சர், நான் சரியா எண்ணல. நூறு தாண்டிட்டா, 'நூற்றுப் பதினேழு'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அது ரெண்டு மூணு தடவ துடிச்சிருது."

"அப்ப மலாய்ல எண்ணு," என்றான் தீபன்.

"செராதுஸ் துஜு பெலாஸ். இது இன்னும் நீளம்டா."

"இங்கிலீஸ்?"

"ஒன் ஹண்ட்ரட் அண்ட் செவன்டீன்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மொழி தெரிந்தும் ஒரு தெள்ளிடம் தோற்றாயிற்று.

வாயை மூடிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவளை அறியாமலே ஒரு விரல் மேசையில் தட்டிக்கொண்டிருந்தது. வாய்தான் திணறியது, விரல் திணறவில்லை.

"தீபா, பதினஞ்சு செகண்டு ஆனதும் சொல்லு."

பென்சிலை எடுத்தாள். ஒரு துடிப்புக்குத் தாளில் ஒரு புள்ளி. எண்ணவே வேண்டாம்.

நேரம் முடிந்ததும் தீபன் நிதானமாக எண்ணினான். ஐம்பத்தாறு புள்ளி. நாலால் பெருக்கினால் இருநூற்று இருபத்து நான்கு. சொட்டு விடாத வேறொரு தெள்ளுக்கு நூற்று எழுபத்தாறுதான் வந்தது.

டீச்சர் முகம் மலர்ந்தது. "அந்தப் பழைய எண்களை அடிச்சிரும்மா."

"வேணாம் டீச்சர். எங்க தப்பு நடந்துச்சுன்னு போட்டி நடுவருங்களும் பாக்கட்டும்," என்றபடி தெள்ளுகளைக் குளத்து நீர் நிரப்பிய போத்தலுக்குள் விட்டாள்.

சனிக்கிழமை போட்டியில், நடுவர் அந்தப் பழைய எண்களைப் பார்த்துச் சிரித்தார். இதைக்கூடவா எண்ண முடியாது என்று, தெள்ளு வைத்திருந்த நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மலாயில் கடகடவென்று எண்ணத் தொடங்கினார். நூறு தாண்டியதும் நாக்கு தடுமாறியது.

கண்ணை எடுக்காமலே ஒரு கையை மட்டும் நீட்டினார். உமாராணி அதில் பென்சிலை வைத்தாள்.